கேபிளை மாற்றாமல் காரைக் காப்பாற்றுவது எப்படி?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். ஞாயிற்றுக்கிழமை காலை துடைத்து வாசலில் நிறுத்தினால் தெருவே வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஆக்சிலேட்டர் பெடல் சில நாளாக முரண்டு பிடிக்கிறது, அவ்வளவுதானே? கலங்காதீர்கள். கேபிள் கெட்டால் கேபிளை மாற்றுவது விவரமில்லாதவர்கள் செய்கிற வேலை. நீங்கள் விவரமானவர். கேபிளைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் தொடுவதற்கான வழிமுறை கீழே. பாதியை இந்நேரம் செய்து முடித்திருப்பீர்கள். மிச்சத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் சின்னதாக ஒரு பாடம். இந்த வண்டியில் எஞ்சின் பின்னால், உங்கள் கால் முன்னால். நடுவில் இரண்டரை மீட்டருக்கு மேல் நீளமான ஒரு மெல்லிய முறுக்குக்கம்பி. அது பெடலில் கொக்கி போட்டுக் கிளம்புகிறது. இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள டன்னலுக்குள் ஓர் இரும்புக்குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வருகிறது. அங்கிருந்து எஞ்சின் தகட்டைத் தாண்டி, கூலிங் ஃபேன் கூட்டுக்குள் இன்னொரு குழாயில் நுழைந்து, கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரில் ஒரு குட்டி ஸ்க்ரூவுக்குக் கீழே முடிகிறது. இவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற பொருளைப் பராமரிக்கச் சிறந்த வழி, அது இருப்பதையே மறந்துவிடுவது.

1. பழியை பெட்ரோல்மேல் போடுங்கள்.

பெடல் கனமாக இருக்கிறதா? மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் மெதுவாகத் திரும்புகிறதா? சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தானாக ரேஸ் ஆகிறதா? "எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலை" என்று சொல்லுங்கள். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். பங்கை மாற்றுங்கள். பிளக்கை மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, பின்பக்க மூடியைத் திறந்து கேபிளும் லீவரும் எப்படி அசைகின்றன என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் அதைச் செய்யக்கூடாது. ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையை எப்படி ஓட்டுவது?

2. பிசிறைக் கத்தரியுங்கள்.

தப்பித்தவறி மூடியைத் திறந்துவிட்டீர்கள். ஸ்க்ரூ கம்பியைக் கடித்துப் பிடிக்கும் இடத்தில், ஒற்றை இழை ஒன்று அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனி பளபளக்கிறது, அடி துருவேறியிருக்கிறது. முதலில் வெறும் விரலால் தடவிப் பாருங்கள். நகக்கண்ணில் ஏறிய பிறகு, அது அறுந்துதான் இருக்கிறது என்பது உறுதியாகும். அடுத்து கட்டிங் பிளேயரை எடுத்து, பிசிறை ஒட்ட வெட்டிவிடுங்கள். பார்க்கச் சுத்தமாகிவிடும்.

இழை குறைந்தால் பலம் குறையாதா என்று சிலர் கேட்பார்கள். கூட்டுக்குடும்பத்தில் ஒருத்தர் சம்பாதிப்பதை நிறுத்தினால் மற்றவர்கள் சுமப்பதில்லையா? அடுத்த மாதம் இரண்டாவது இழை போகும். அதற்கடுத்து மூன்றாவதற்கு ஒரு மாதமெல்லாம் தேவைப்படாது. பிளேயரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

3. எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயாக இருந்தால் நல்லது.

வீட்டில் எப்போதும் இருப்பது அதுதான். கேபிளைக் கழற்றி, துடைத்து, நீளம் முழுக்க கிரீஸ் தடவித் திரும்ப நுழைப்பது பழைய முறை. நீங்கள் வெளியே தெரிகிற ஒரு சாண் கம்பியில் மட்டும் நாலு சொட்டு விடுங்கள். துருப்பிடித்த இடம் டன்னலுக்குள் இருக்கிறது, அங்கே ஒரு சொட்டும் போகாது. போகாவிட்டால் என்ன, மனசுக்கு ஒரு திருப்தி. தெருப்புழுதியும் வந்து எண்ணெயில் ஒட்டி, கொஞ்ச நாளில் குழாய் வாயில் நல்ல கெட்டியான மாவு சேரும்.

பிறகு அந்த வண்டியை ஊட்டிக்கு ஓட்டிப் போங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். ஊட்டியின் விடியற்காலைக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பெடல் நகராது. "ஜெர்மன் வண்டிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று லாட்ஜ்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

4. சைக்கிள் டியூப் கட்டுங்கள்.

பெடல் திரும்பி வரவில்லை என்றால் கேபிள் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, ரிட்டர்ன் ஸ்பிரிங்குக்குத் துணையாக லீவரில் இழுத்துக் கட்டுங்கள். இப்போது லீவர் டப்பென்று மூடும். பெடலை மிதிக்க மட்டும் முன்பைவிட அதிகமாக அழுத்தவேண்டும். அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கவேண்டியது, நீங்கள் இழை இழையாகக் கத்தரித்துவரும் அதே கேபிள்தான். போதவில்லையா? இன்னொரு பட்டை.

5. அறுகிற இடத்தை நன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

கத்திப்பாரா மேம்பாலத்தின் உச்சி பொருத்தமான இடம். பெடல் தொபுக்கென்று தரையில் விழும். எஞ்சின் மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது கார்புரேட்டர் லீவரில் ஒரு நூலைக் கட்டி, பின்மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஜன்னல் வழியாக நூலை உள்ளே கொண்டுவாருங்கள். உலகமெங்கும் பீட்டில்காரர்கள் வீடு போய்ச் சேரச் செய்த வேலை இது. ஆனால் அவர்கள் வீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். நீங்கள் அந்த ஏற்பாட்டிலேயே ஒரு வாரம் ஆபீஸ் போய்வரலாம். நூலை இழுக்கப் பின்சீட்டில் மச்சானை உட்கார வையுங்கள். "லேசா மச்சான்... லேசாடா... விடு, விடு!" என்று கத்திக்கொண்டே ஓட்டப் பழகிவிட்டால் பெடல் எதற்கு?

6. மெக்கானிக்கிடம் போங்கள், சொன்னதைக் கேட்காதீர்கள்.

"சார், கேபிளை மாத்திடலாம் சார். பெரிய செலவு இல்ல."

"தம்பி, இது ஒரிஜினல் கேபிள்ப்பா. வண்டி வந்தப்போ கம்பெனியில போட்டது."

"அதனாலதான் சார் அறுந்துடுச்சு."

இப்படிப் பேசுகிறவரிடம் வண்டியை விடக்கூடாது. வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள். "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் எங்க கிடைக்குது?" என்று நீங்களே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையில் கடைசி பீட்டில் இறங்கியபோது, மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை வண்டி ஓடிய உலகில் இதற்கு இன்னும் புதுக் கேபிள் செய்து விற்கிறார்கள் என்பதை யாரும் சொல்லிக்கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஒட்டுப் போடுங்கள்.

இதுதான் இந்தக் கலையின் உச்சம். மூன்று வழி இருக்கிறது.

முடிச்சு: அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, பிளேயரால் நெரித்துவிடுங்கள். கம்பி கொஞ்சம் குறையும். பரவாயில்லை, இனி மிதிக்காமலேயே த்ராட்டில் பாதி திறந்து நிற்கும், உங்கள் காலுக்கு வேலை மிச்சம்.

கனெக்டர்: எலெக்ட்ரிக்கல் கடையில் வயர் இணைக்கிற கனெக்டர் கிடைக்கும். இரண்டு முனையையும் அதற்குள் விட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். மின்சாரம் போவதற்கென்று செய்த பொருள், எஞ்சினை இழுக்காதா என்ன? ஸ்க்ரூ கம்பியை நசுக்கி இன்னும் இரண்டு இழையை வெட்டும். வெட்டட்டும்.

பற்றவைப்பது: இதைத் தவறாகச் செய்யக் கொஞ்சம் திறமை வேண்டும். ஒழுங்காகச் செய்கிறவர், அறுந்த கம்பியை ஒட்டவே மாட்டார். புதுக்கம்பி எடுத்து, நுனி இழைகளை நிப்பிளின் குழிக்குள் பூப்போல விரித்து, அளவான சூட்டில் ஈயத்தை இறக்குவார். நீங்கள் கேஸ் அடுப்பில் கம்பி சிவக்கும்வரை காட்டுங்கள். முறுக்கேறிய எஃகு அந்தச் சூட்டில் இளகி, கட்டுக்கம்பி மாதிரி வளையும். பாத்திரத்துக்கு ஈயம் பூச வைத்திருந்த நவச்சாரத்தைத் தாராளமாகத் தடவுங்கள். கழுவாமல் விட்டால் இழைகளுக்கு நடுவே உட்கார்ந்து உள்ளிருந்தே அரிக்கும். ஈயமும் இழைகளுக்குள் ஊறி, அரை விரல் நீளத்துக்குக் கம்பி குச்சிபோல விறைத்துப்போகும். அடுத்தமுறை அறுவது அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான், எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

எந்த வழியில் போட்டாலும் ஒட்டு குழாயைவிடத் தடிமனாக இருக்கட்டும். அப்போதுதான் அது குழாய்க்குள் சிக்கும். மூடிய நிலையில் சிக்கினால் வண்டி ஓடாது, அதில் சுவாரசியம் இல்லை. முழுக்க மிதித்த நிலையில் சிக்கவேண்டும். அதை 9-ல் பார்ப்போம்.

8. அளவு பார்க்காதீர்கள், ரூட்டும் பார்க்காதீர்கள்.

ஊரார் வற்புறுத்திப் புதுக் கேபிள் வாங்க வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வண்டியின் வருஷத்துக்கு ஏற்ப நீளம் மாறும். கடைக்காரர் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான், கொடுங்க" என்று சொல்லுங்கள். புதுப்பேட்டையில் புல்லட் கிளட்ச் கேபிளையே காட்டினாலும் மறுக்காதீர்கள், இரண்டைச் சேர்த்தால் நீளம் வந்துவிடும்.

டன்னலைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் பூட் இருக்கும். கழன்று விழுந்தால் விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீரும் சேறும் குழாய்க்குள் போக ஒரு வழி வேண்டாமா?

கீழே படுத்ததுதான் படுத்தீர்கள், கிளட்ச் கேபிளையும் கவனித்துவிடுங்கள். அதன் பின்முனையில் பௌடன் டியூப் லேசாகத் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே கம்பி இழுக்க, வெளியே கூடு அதைத் தாங்கி நிற்கும் ஏற்பாடு. 1896-ல் அயர்லாந்துக்காரர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். டியூபுக்கு 25 முதல் 45 மில்லிமீட்டர் தொய்வு வேண்டும். தொய்வு உங்களுக்கு அழகாகப் படாது. விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுங்கள். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி உதறும். கூட உட்கார்ந்திருப்பவர் கேட்டால், விண்டேஜ் கார் என்றால் அப்படித்தான் என்று விளக்கலாம்.

9. அட்ஜஸ்ட்மெண்டை உணர்ச்சியோடு செய்யுங்கள்.

பெடலை முழுக்க மிதித்த நிலையில், த்ராட்டில் லீவருக்கும் அதன் ஸ்டாப்புக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்க்ரூவை இறுக்கவேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி இருந்தால் நீங்கள் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அடி பெடலோடு நிற்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதியும் கேபிளின்மேல் இறங்கும். உங்களுக்கோ ஃபுல் பவர் வேண்டும். கம்பியை வீணைத்தந்திபோல இழுத்துக் கட்டுங்கள்.

ரோடு டெஸ்டுக்குக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒட்டு குழாய்க்குள் சிக்கிவிட்டால், கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக் பிடித்து, சாவியை எஞ்சின் நிற்கும் அளவுக்கு மட்டும் திருப்பி ஓரம்கட்டுவது பயந்தவர்களின் வழி. நீங்கள் குனிந்து கையால் பெடலைத் தூக்கிப் பாருங்கள். ரோட்டை மச்சான் பார்த்துக்கொள்வார். ஸ்டியரிங் லாக் உள்ள மாடல் என்றால், சாவியை ஒரேயடியாகத் திருப்பி வெளியே உருவிவிடுங்கள். எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங்கும் நிற்கும், வளைவு மட்டும் நிற்காது.

10. விற்றுவிடுங்கள்.

விளம்பரத்தில் "கேபிள் வேலை சமீபத்தில் முடிந்தது" என்று போடுங்கள். பொய் இல்லை. வாங்க வருகிறவரிடம் கார்புரேட்டர், பிளக், பெட்ரோல் பங்க் எல்லாம் மாற்றிய ரசீதுகளை வரிசையாகக் காட்டுங்கள். அவர் மூடியைத் திறக்கச் சொன்னால் காபி கொடுங்கள். பெடலை மிதித்துப் பார்க்கிறேன் என்றால் மட்டும் சாவியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ரசீதுகளையெல்லாம் கூட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். புதுக் கேபிளின் விலை அதில் ஒரு மூலைக்கு வராது.