ஒன்றாம் எண் பேருந்தைக் கணினியில் எழுந்தருளப் பண்ணும் முறை

திருச்சிராப்பள்ளி மத்தியப் பேருந்து நிலையத்தில் புறப்பட்டுச் சத்திரம் வழியாகக் காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் சேரும் ஒன்றாம் எண் நகரப் பேருந்தை, செக் நாட்டு எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்னும் கணினி விளையாட்டினுள் ஓட்டிப் பார்க்க விழைபவர்க்கு முதலில் வேண்டுவது மோட் ஆகும். மோட் என்பது, விளையாட்டின் மூலக் கோப்புகளைத் திருத்தாமல் அவற்றின்மேல் சாத்தப்படும் சேர்க்கைக் கோப்பு. அதனை ஆக்குமுன் கணினியில் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் அனைத்தும் ஆக்கச்சூழல் எனப்படும். அச்சூழல் பேருந்துக்கான வழியா, அன்றி அதுவே பேறா என்பது ஆராயத்தக்கது.

குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு நியாயம் வடகலையார்க்கும், தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை நியாயம் தென்கலையார்க்கும் உரியனவாக வைணவத்தில் சொல்லப்படுவதை அரங்கத்தார் அறிவர். மோட் உலகிலும் இவ்விரு நெறியினரும் உளர். பூனை நெறியினர், ‘ஸ்டீம் வொர்க்‌ஷாப்’ என்னும் கிடங்கில் பிறர் ஆக்கி வைத்ததற்கு ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அது தானே வந்து இறங்கும்வரை வாளாவிருப்பர்; அவர்களைப் பற்றி எழுத ஏதுமில்லை.

குரங்கு நெறியினரோ, முப்பரிமாண உருவங்களை வனையும் பிளெண்டர் மென்பொருளை நிறுவி, அதில் எஸ்.சி.எஸ். வழங்கும் ‘பிளெண்டர் டூல்ஸ்’ இணைப்பைப் பூட்டி, இணைப்பு ஏற்கும் பதிப்பு வேறு, தாம் நிறுவிய பதிப்பு வேறு என உணர்ந்து, பின்னதை நீக்கிப் பழைய பதிப்பைத் தேடி, விளையாட்டின் மூலப் பொதியைப் பிரித்துப் பரப்பி, பேருந்தின் நிறமும் எழுத்தும் தாங்கும் படத்தின் நீள அகலங்களை 1024, 2048 என இரண்டின் அடுக்குகளாக அமைத்த பின்னரே மூச்சுவிடுவர். பிழைகளைக் காட்டும் கட்டளைத்திரை திறக்க வேண்டுமெனில், கான்ஃபிக் கோப்பில் ‘டெவலப்பர்’, ‘கன்சோல்’ என்னும் இரு மதிப்புகளையும் சுழியத்திலிருந்து ஒன்றாக மாற்ற வேண்டும். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் இம்மாற்றத்தைச் செய்பவர், விளையாட்டு வெளியேறும்போது பழைய மதிப்புகளையே மீண்டும் எழுதிவைத்துவிடுவதால், திரை திறவாமைக்குக் காரணம் விசைப்பலகையே எனத் துணிந்து புதியது வாங்கவும் கூடும். திரை திறந்தபின் தோன்றுவன சிவப்பு வரிகள். அவை பிழைகளின் பட்டியல், எனினும் சூழல் முறையாக அமைந்தமைக்கு அவற்றினும் சிறந்த சான்றில்லை.

இவ்வளவும் கைகூடி, ‘ஸ்ரீரங்கம்’ என்னும் பலகையுடன் பேருந்து ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் இறங்கும்போது, ஆங்கு வலப்புறமே செல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வரும்; பிரிட்டனுக்குக் கொண்டுசென்றால் இக்குறை தீரும். தீராதது பிறிதொன்று: இவ்விளையாட்டு பேருந்தையும் லாரியாகவே கருதுமாதலின், அதில் எவரும் ஏறுவதில்லை. பயணிகளுக்கெனத் தனி மோட் வேண்டும். அதனைத் தாமே ஆக்க எண்ணுபவர் மற்றொரு கோப்புறையைத் திறந்து, பிளெண்டரின் பதிப்பை மீண்டும் சரிபார்க்கத் தொடங்குவர்.