கேட்டது கிடைத்தால்...

கேள்வி: வேண்டுதல் பலித்தால் அது தெய்வச் செயலா, தற்செயலா?

பதில்: 1950 மார்ச் 1, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள பியாட்ரிஸ் ஊர். மாலை 7.20க்குத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. சில நிமிடங்களில் கட்டடமே வெடித்துச் சிதறியது. பாடகர் குழுவில் 15 பேர். ஒருவர்கூட உள்ளே இல்லை! ஒரு மாணவிக்கு ஜியோமெட்ரி கணக்கு முடியவில்லை, ஒருவருக்கு கார் கிளம்பவில்லை, ஒரு வீட்டில் உடைக்கு இஸ்திரி போட நேரமாகிவிட்டது. வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக வேண்டியிருக்கவும் முடியாது.

வேண்டியும் பார்த்தார்கள். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,802 பைபாஸ் நோயாளிகள். அவர்களில் ஒரு பகுதியினருக்காக மட்டும் பிறர் ஜெபித்தார்கள். ஜெபம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. தங்களுக்காக ஜெபம் நடப்பது உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல். ஜெபம் நடந்தும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52.

கணக்கு தற்செயல் பக்கமே சாய்கிறது. அதற்காக அந்த 15 பேர் நன்றி சொல்லி மண்டியிட்டால் தடுக்க யாருக்கு மனம் வரும்?