ஹைப்ரிட் சார்

எங்கள் பேட்டை ஜிம்மில் அவருக்கு 'ஹைப்ரிட் சார்' என்று பெயர். வைத்தவர் மாஸ்டர். வருடச் சந்தாவை ஒரே தவணையில், பேரம் பேசாமல், போனிலேயே கட்டிவிடுகிறவர் என்பதால் அந்த 'சார்' மட்டும் எந்தக் கேலியிலும் உதிர்வதில்லை. இப்படி ஒருவர் உங்கள் அடுக்ககத்திலும் இருப்பார். ஐம்பதைத் தொட இன்னும் சில வருடம். ஓ.எம்.ஆரில் வேலை. மணிக்கட்டில் நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டும் கடிகாரம். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது நம்மைப் பார்த்து, "நீங்க வாக்கிங் மட்டும்தானா?" என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்.

அவருடைய கொள்கை சுருக்கமானது. வெயிட் தூக்குகிறவனுக்கு மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஓடுகிறவனுக்கு கேஸ் சிலிண்டரை நகர்த்த ஆள் வேண்டியிருக்கிறது. ஆகவே வலிமையும் தம்மும் ஒரே திட்டத்தில் வளர வேண்டும்; அதுதான் 'ஹைப்ரிட்'. கொள்கையில் ஒரு பழுதும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இதைத்தான் சொன்னது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வேலை. இதை நான் ஒருமுறை எடுத்துச் சொன்னபோது சாரின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார். இவ்வளவு லேசான விஷயம் என்றால் எக்செல் எதற்கு என்ற கவலை அவருக்கு.

எக்செல்லைப் பற்றிச் சொல்லாமல் சாரைப் பற்றிச் சொல்ல முடியாது. வெயிட்டுக்கு நீலம், ஓட்டத்துக்கு ஆரஞ்சு, இரண்டும் ஒரே நாளில் வந்தால் ஊதா. ஸ்குவாட் 40 கிலோவில் தொடங்குகிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டரைக் கிலோ கூடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில வாரங்கள் வரை இப்படி ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் சார் கட்டத்தின் மூலையைப் பிடித்து வருடக் கடைசிவரை இழுத்துவிட்டார். 430 கிலோவில் போய் நின்றது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்டுகோஸ்ட் காமன்வெல்த்தில் 144, 173 என்று இரண்டு முறைகளிலும் சேர்த்து 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். அது வேறு தூக்கு, இது வேறு தூக்கு. இருந்தாலும் தை மாதம் தொடங்கும் சார், தாளில் அவரைப் புரட்டாசியிலேயே தாண்டிவிடுகிறார்.

ஓட்டத்தின் பக்கம் இன்னும் நுணுக்கம். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. சாருக்கு 47 வயது, வருவது 173. அதில் அறுபதிலிருந்து எழுபது சதவீதம், அதாவது 104க்கும் 121க்கும் நடுவே துடிப்பை வைத்துக்கொண்டு நிதானமாக ஓடினால் அதற்கு 'ஜோன் டூ' என்று பெயர். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். பேசுவதில் சாருக்குச் சிரமமே இல்லை. ஷூ கயிற்றைக் குனிந்து கட்டி முடிப்பதற்குள் கடிகாரம் 118 காட்டிவிடும் என்பதுதான் சிக்கல். "கயிறு கட்டுறதே எனக்கு கார்டியோ" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர்.

எல்லாம் தயாரானபின் நாள் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை என்று தீர்மானித்தார். காலை ஏழரைக்குக் கிளம்பலாம் என்றதும் அம்மா தடுத்தார். "திங்கக்கிழமை ஏழரைலேர்ந்து ஒம்பது ராகுகாலம்டா." ஆறு மணிக்குக் கிளம்பலாமே என்றால், ஆறு மணி என்பது சாருக்கு இரவின் ஒரு பகுதி. செவ்வாய்க்கிழமை புதிதாக எதையும் தொடங்குவதில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதால் புதன் என்று முடிவானது. அதற்குள் அம்மாவுக்கு அடுத்த சந்தேகம். "நீ பண்ணப்போறது வளர்ற காரியமா, கொறையற காரியமா?" தசை வளர வேண்டும், தொப்பை குறைய வேண்டும் என்றார் சார். வளர்கிறதை வளர்பிறையில் தொடங்க வேண்டும், குறைகிறதைத் தேய்பிறையில். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க சந்திரன் இடம் கொடுக்கவில்லை. உடற்பயிற்சி விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே பிரச்சினையை அந்த அம்மாள் பஞ்சாங்கத்திலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

விஞ்ஞானிகளின் கதைக்கு வருவோம். சாரின் வாழ்க்கையில் இதுதான் முக்கியமான திருப்பம்.

1980இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று குழுக்கள், பத்து வாரம். ஒரு குழு வாரம் ஐந்து நாள் எடை தூக்கியது. இன்னொன்று ஆறு நாள் ஓடியது, சைக்கிள் மிதித்தது. மூன்றாவது குழு இரண்டு குழுக்களின் வேலையையும் சேர்த்துச் செய்தது. எடை மட்டும் தூக்கியவர்களின் வலிமை பத்து வாரமும் ஏறிக்கொண்டே போனது. இரண்டையும் செய்தவர்களுக்கோ ஏழெட்டு வாரம் வரை ஏறி, அங்கே நின்று, பிறகு இறங்கத் தொடங்கியது. ஹிக்சனே கட்டுமஸ்தான ஆள், தன் மேலதிகாரியோடு சேர்ந்து ஓடப்போய்த் தன் பலம் குறைவதைக் கண்டதில் பிறந்த சந்தேகம் இது என்று சொல்வார்கள். ஒன்றின் பலனை மற்றொன்று தடுக்கிறது என்ற இந்தச் சங்கதி அன்றிலிருந்து ஜிம் உலகத்தின் பெரிய விவாதமாக இருந்துவருகிறது.

சார் இதைப் படித்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூர்வீகச் சொத்தின் பட்டா கிடைத்த முகம் அது. மறுநாள் காலை ஓடவில்லை. ஏன் சார்? "சாயங்காலம் டெட்லிஃப்ட் இருக்கு. இப்ப ஓடினா வலிமை போயிடும்." சாயங்காலம் ஜிம்முக்கு வரவில்லை. ஏன் சார்? "நாளைக்கு லாங் ரன். கால் ஃப்ரெஷ்ஷா இருக்கணும்." இரண்டையும் ஒரே நாளில் செய்தால் நடுவே ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டு, அந்த இடைவெளியை மட்டும் அட்சரசுத்தமாகக் கடைப்பிடித்தார். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தவர், இந்த வீட்டாரிடம் அந்த வீட்டைச் சொல்லி, அந்த வீட்டாரிடம் இந்த வீட்டைச் சொல்லி, கடைசியில் தன் வீட்டுக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினாற்போல.

ஹிக்சனின் ஆட்கள் வாரம் பதினொரு வேளைப் பயிற்சி செய்தவர்கள். அவர்களுக்கே இந்தப் பாதிப்பு ஏழெட்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சார் மூன்றாவது வாரத்தின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இதை மாஸ்டரிடம் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். அவருடைய மாஸ்டர் காலத்தில் பஸ்கி, தண்டால் எடுத்து, கர்லாக்கட்டை சுற்றி, அப்படியே மெரினா மணலில் ஓடிவிட்டு வருவார்களாம். "அதுக்குப் பேரே கிடையாது சார். பசிக்கும், அவ்ளோதான்." ஆனால் சாரை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. "அவர மாதிரி இருபது பேர் இருந்தா மெஷினும் தேயாது, வாடகையும் கட்டிடலாம்" என்பார். உண்மைதான். சந்தா கட்டிய எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டால் எந்த ஜிம்மிலும் நிற்க இடம் இருக்காது. வராதவர்களின் பணத்தில்தான் வருகிறவர்களுக்கு ஏசி ஓடுகிறது.

வந்த நாட்களில் சார் பிரமாதமாகத்தான் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் லெக் டே முடிந்து இரண்டு நாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு வலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும். அந்த வலியை அவர் கொண்டாடிய விதம் தனி. ஆபீஸில் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு முறையும் "அம்மா" என்பார், யாராவது ஏன் என்று கேட்கும்வரை.

வீட்டில் அவ்வளவு வரவேற்பில்லை. கை கனத்த மாதிரி தெரியவில்லையே என்று மனைவி கேட்டார். முதல் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது, தசை பெருப்பது அதற்குப் பிறகுதான். இதுவும் 1979இலேயே ஆய்வில் காட்டப்பட்டது. சார் அதைத் தன் பாணியில் விளக்கினார்: "இப்ப நரம்புதான் வளருது."

"உங்களுக்கு வளருது. எனக்குத் தளருது" என்றார் அந்த அம்மையார்.

தளராமல் என்ன செய்யும்? கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று கணக்குப் போட்டு, 82 கிலோ சாருக்கு நாளொன்றுக்கு 131 கிராம் என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. சுத்த சைவம். இட்லி ஒன்றுக்குச் சுமார் இரண்டு கிராம் என்று வைத்தால் அறுபத்தைந்து இட்லி. "கட்சி மாநாட்டுக்கு அரைக்கிற மாவு வேணும்" என்று பதில் வந்தது. அப்புறம் சுண்டல், பனீர், பவுடர் என்று ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை எலியட்ஸ் கடற்கரையில் ஓட்டம் முடித்து, அதாவது ஓட்டத்துக்காகப் போய் வந்து, சாப்பிடும் நெய்ப் பொங்கல் அந்த உடன்படிக்கையில் அடங்காது.

சாமான்கள் தனி அத்தியாயம். ஓடும் ஷூவின் அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஸ்குவாட் செய்தால் நிலை கொள்ளாது. வெயிட்டுக்கு அடி தட்டையாக, கெட்டியாக வேண்டும். ஆக ஷூ இரண்டு ஜோடி. இது நியாயம். இடுப்புக்குப் பெல்ட், மணிக்கட்டுக்குப் பட்டை, கைக்குச் சாக்குப்பொடி, தசையை உருட்டி நீவ நுரை உருளை. இவற்றில் ஒன்றும் வீணாகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நுரை உருளையில் அம்மா முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறார். பன்னிரண்டு கிலோ கெட்டில்பெல், காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும் பால்கனிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. வேலைக்கார அம்மா தினமும் அதைத் தூக்கி நகர்த்தித்தான் பெருக்குகிறார். வீட்டில் அதைத் தவறாமல் தூக்குகிறவர் அவர் ஒருவர்தான்.

2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வலிமையைத் தடுப்பதில் ஓட்டத்தை விட சைக்கிள் தேவலை என்று சொல்லியிருப்பதை சார் கண்டுபிடித்தபோது சைக்கிளும் வந்தது. கார் நிறுத்தும் இடத்தில் தூணோடு சங்கிலி போட்டு நிற்கிறது. பிள்ளைகள் போகிற போக்கில் மணியை அடித்துவிட்டுப் போவார்கள். எட்டு முறை ஒரு கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு கிலோமீட்டருக்குப் பின்னும் எடை வண்டியைத் தள்ளுவது, மணல் மூட்டையைச் சுமப்பது என்று எட்டு வேலை செய்யும் ஹைராக்ஸ் போட்டி 2025இல் மும்பைக்கு வந்தது அல்லவா? அதற்கு சார் ரயில் டிக்கெட் விலை வரை விசாரித்தார். பதிவுக் கட்டணம் தெரிந்ததும் அடுத்த வருடம் என்றார்.

இந்த நிம்மதியில் மண் விழுந்தது சமீபத்தில்தான். அதற்கு நானே காரணம். வலிமைப் பயிற்சியையும் தம் பயிற்சியையும் சேர்த்துச் செய்வதால் தசை வளர்ச்சியோ உச்ச வலிமையோ சொல்லும்படி பாதிக்கப்படுவதில்லை என்று 2022இல் ஒரு விரிவான தொகுப்பாய்வு வந்திருப்பதை வாய் சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. இரண்டையும் தாராளமாகச் செய்யலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டால் ஒரு மனிதன் எதைச் சொல்லி வீட்டில் இருப்பது?

இரண்டு நாள் கழித்து மலர்ந்த முகத்தோடு ஜிம்முக்கே வந்துவிட்டார். அந்த ஆய்வை முழுதும் படித்திருக்கிறார். கடைசியில் ஒரு வரி இருக்கிறதாம்: வெடித்துக் கிளம்பும் வலிமை, அதாவது துள்ளுவது, பாய்வது, அது மட்டும் சற்றுக் குறையக்கூடும், இரண்டையும் ஒரே வேளையில் செய்தால் இன்னும் கொஞ்சம். அதுவும் உண்மைதான், இருக்கிறது.

"மாஸ்டர், என்னோட எக்ஸ்ப்ளோசிவ் பவர் போயிடக்கூடாது" என்றார் வரிக் கணக்குப் பார்ப்பதில் இருபது வருட அனுபவமுள்ள அந்த மனிதர். "பழைய பிளானை நிறுத்திட்டேன். புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். பாக்ஸ் ஜம்ப் சேர்த்திருக்கேன்."

மாஸ்டர் மரப்பெட்டியை இழுத்து நடுவில் போட்டார். "குதிங்க சார்."

"இன்னிக்கா? இந்த வாரம் டீலோட் மாஸ்டர்." நாலைந்து வாரம் கடுமையாக உழைத்தவர்கள் உடம்பு தேற ஒரு வாரம் பளுவைக் குறைத்துக்கொள்வார்கள். அதற்கு டீலோட் என்று பெயர். சார் அதைத் திட்டத்தின் முதல் வாரத்தில் வைத்திருந்தார்.

மாஸ்டர் பெட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளினார். "குதிக்கறதுக்கும் தனி ஷூ இருக்கா சார்?"

"இருக்கு மாஸ்டர்" என்றார் சார், போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபடி. "வியாழக்கிழமை டெலிவரி."