அண்ணாச்சி பதில்கள்: ஏடு மாற்றும் காலம்

சென்ற இதழில் ஒரு வாசகர் பழைய ஃபைல்களைப் பற்றிக் கேட்டார். இரண்டு வரியில் பதில் எழுதினேன். அதைத் தொட்டுத் தபால் வந்து குவிந்துவிட்டது. ஆகவே இந்த முறை சினிமாவும் அரசியலும் திண்ணையில் காத்திருக்கட்டும்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, எங்கள் தமிழ் மன்றத்தின் பழைய ஆண்டு மலரைத் திறந்தேன். 'தமிழ்' என்று இருந்த இடத்திலெல்லாம் ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. வைரஸா அண்ணாச்சி?
*— ஏரல் வாசகர்*

வைரஸ் இல்லை தம்பி, அது பாமினி! குலசை தசராவில் ராத்திரி காளி வேஷம் கட்டி ஆடினவரை, மறுநாள் காலையில் டீக்கடையில் சட்டையும் கைலியுமாகப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். உங்கள் ஃபைலுக்குள் தமிழ் எழுத்து ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்தது ஜேயும் கேயும். பாமினி எழுத்துரு ஜேக்குத் 'த' வேஷம் கட்டியது, கேக்கு 'ம' வேஷம், பிக்கு இகர விலங்கு, ஓவுக்கு 'ழ', அரைப்புள்ளி மெய்ப்புள்ளியாகத் தலையில் ஏறிக்கொண்டது. வேஷப்பெட்டி பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. ஆள் மட்டும் புது வீட்டுக்கு வந்திருக்கிறார்.

ஆகவே முதலில் பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகல் எடுங்கள். பிறகு அந்த மலர் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்று பாருங்கள். பாமினியா, அரசு அலுவலகங்களில் ஓடிய வானவில்லா, திஸ்கியா, 1999 சென்னை தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் வகையா? அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் கொடுத்தால் யூனிகோடாக வரும். யூனிகோடில் 'த' என்றால் எந்த எழுத்துருவிலும், எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலும் அது 'த'தான். பாமினியை 'வானவில்' என்று சொல்லிக் கொடுத்தீர்களோ, வருவது எந்தப் பாஷையிலும் சேராது.

மென்பொருளின் புது வெர்ஷனுக்கு மாறலாமா, வேண்டாமா?
*— கோவில்பட்டி வாசகர்*

நாளைக் காலையில் கொடுக்க வேண்டிய வேலை கையில் இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் இன்றைக்கே மாறுங்கள்.

கன்வெர்ட்டரில் போட்டால் ஒரு நொடியில் யூனிகோடு ஆகிவிடுகிறதே! அதற்கு மேல் பிழை திருத்தம் எதற்கு?
*— திருச்செந்தூர் வாசகி*

அம்மா, நீங்கள் என் உயிர்நாடியைத் தொட்டுவிட்டீர்கள். கெளுத்தி மீனைக் காப்பாற்றத்தான்!

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பின்பாதிக் குறிக்குத் தனி இடம் கிடையாது. 'ள' போலவே இருக்கிறதே என்று 'ள'வையே போட்டுவிட்டார்கள். 'கௌரவம்' என்பதற்குக் கொம்பு, க, ள என்று அடித்தார்கள். அச்சில் பார்க்கும் மனிதக் கண் அதைக் கௌரவம் என்றே படித்தது. யூனிகோடு அப்படி இல்லை. அங்கே ஔகாரக் குறி வேறு, 'ள' வேறு. மாற்றி முடித்ததும் 'கெ-ளரவம்' என்று நிற்கிறது. அதைப் பார்த்த நம் ஆள் ஒருவர், 'கெள' வரும் இடமெல்லாம் 'கௌ' என்று ஒரே தட்டில் மாற்றுகிறார். கௌரவம் திரும்பிவிட்டது. ஆனால் மீன்பிடி பற்றிய கட்டுரையில் இருந்த கெளுத்தியும் கெளிறும் எலும்பு முறிந்து கிடக்கின்றன! ஔகாரத்தின் மேல் உகரம் ஏறி உட்கார்ந்து, நடுவில் ஒரு புள்ளிவட்டம் வந்து நிற்கிறது.

மீனோடு நின்றால் பரவாயில்லை. 'வெளி' என்ற சொல்லுக்கும் அதே கதி. எத்தனையோ செய்தித் தளங்களில் "வௌியிட்டார்" என்று இன்றைக்கும் பார்க்கலாம். வெளிச்சம், வெளியூர், தெளிவு, நெளிவு, ஒன்றும் தப்பவில்லை.

கொம்பு விஷயமும் உண்டு. பழைய முறையில் 'கொ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. அதாவது வாயால் சொல்லுகிற வரிசை. கன்வெர்ட்டர் ஒவ்வொரு கொம்பையும் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். ஆயிரம் இடத்தில் சரியாக வைத்து, ஓர் இடத்தில் பக்கத்து எழுத்துக்குக் கொடுத்துவிட்டால் போச்சு. அதனால்தான் வருஷக் கணக்காகச் சொல்கிறேன்: மாற்றியதும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் பழைய தாளைக் கையில் வைத்துக் கேட்க வேண்டும். வாய் தடுக்குகிற இடத்தில் பிழை இருக்கும்.

எந்த எழுத்துரு அழகு அண்ணாச்சி?
*— உடன்குடி வாசகர்*

உங்கள் பாட்டி கண்ணாடி போடாமல் படிப்பது.

எங்கள் ஊரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் நிறைய வைத்திருக்கிறேன். 'ஸ்ரீவைகுண்டம்' என்று தேடினால் பாதிதான் வருகிறது. மீதியைத் திறந்து பார்த்தால் அதிலும் ஊர்ப்பெயர் அப்படியேதான் இருக்கிறது. கண்கட்டு வித்தையா?
*— ஸ்ரீவைகுண்டம் வாசகர்*

ஆழ்வார்திருநகரியில் இருக்கும் எனக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து வந்த கேள்வி இது, அக்கறையாகவே பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊரின் முதல் எழுத்துக்கு இரண்டு பிறவி. முதலில் 'ஸ்' என்பதோடு 'ரீ' சேர்த்து ஸ்ரீ எழுதினோம். 2005-இல் வந்த யூனிகோடு 4.1-இல் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்தது. அதன் பிறகு 'ஶ்' என்பதோடு 'ரீ' சேர்ப்பதே முறை என்று ஆனது. இரண்டும் திரையில் ஒரே வடிவம் காட்டும். கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு வேறு ஊர். இரண்டு விதமாகவும் தேடி, எல்லாவற்றையும் ஒரே விதமாக்கி வையுங்கள். எது என்பது உங்கள் இஷ்டம், ஒன்றாக இருந்தால் போதும். நவதிருப்பதியில் முதல் ஊருக்கே இந்தக் கதி என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

1978-க்கு முந்தைய எழுத்தில், துதிக்கை போட்ட லை, ணை எல்லாம் வைத்து என் தாத்தாவின் நாட்குறிப்பை அச்சிட ஆசை. யூனிகோடில் அந்த எழுத்துகள் உண்டா?
*— சாத்தான்குளம் வாசகி*

தனியாக இல்லை, தேவையும் இல்லை. யூனிகோடு 'லை'யைச் சேமிக்கிறது, அதன் துதிக்கையைச் சேமிப்பதில்லை. பழைய வடிவம் காட்டும் எழுத்துருவைப் போட்டால் அதே ஃபைல் தாத்தா காலத்து எழுத்தில் நிற்கும், புது எழுத்துருவைப் போட்டால் பேத்தி காலத்துக்கு வரும். நாட்குறிப்பில் கணக்கு இருந்து, மா, காணி, முந்திரி என்று குறிகள் வந்தாலும் கவலை வேண்டாம். 2019-இல் யூனிகோடு 12 அவற்றுக்கென்று ஒரு தனிப் பகுதியே திறந்து 51 குறிகளை உள்ளே விட்டது. நாட்குறிப்பு அச்சானதும் எனக்கு ஒரு பிரதி.

முப்பது வருஷமாக அச்சகம். பேஜ்மேக்கரில் செய்த வேலைகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் இருமுகிறது. என்ன வழி?
*— தூத்துக்குடி அச்சகத்தார்*

இருமும்போதே வைத்தியம் பாருங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பான 7 வந்தது 2001-இல். இன்டிசைன் அதன் ஃபைல்களை சிஎஸ்6 வரை திறந்து கொடுத்தது. அதற்குப் பின் வந்தவை கதவைச் சாத்திவிட்டன. லிப்ரெ ஆபீஸ் 2015-இல் வந்த 4.4 முதல் பேஜ்மேக்கரைத் திறக்கப் பழகியிருக்கிறது. ஆனால் பக்க அமைப்பு அங்கங்கே ஆடும். ஆகவே பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்தை மட்டும் தனியே வெளியே எடுங்கள். எழுத்துருக்களைக் கட்டாயம் நகல் எடுங்கள். கூடவே ஒரு கெஞ்சல்: 'கடைசி', 'கடைசி 2', 'கடைசி கடைசி' என்று ஃபைலுக்குப் பெயர் வைக்காதீர்கள். வேலையின் பெயர், வருஷம், மாதம், அவ்வளவு போதும்.

ஃபைல் எல்லாம் பத்திரமாகப் புதுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. ஆனால் பத்து வருஷமாகச் சேர்த்த என் சுருக்கெழுத்துகள், நான் கற்றுக்கொடுத்த சொற்கள், பக்க அளவு ஒன்றையும் காணோம்.
*— பாளையங்கோட்டை வக்கீல் குமாஸ்தா*

வீடு மாற்றும்போது அண்டா குண்டாவையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, அஞ்சறைப் பெட்டியை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டீர்கள். வேர்டில் பக்க அமைப்பு, பாணி எல்லாம் 'நார்மல்' என்ற டெம்ப்ளேட்டில் இருக்கும். நீங்கள் கற்றுக்கொடுத்த சொற்கள் 'கஸ்டம்' என்ற அகராதி ஃபைலில். தானாகத் திருத்தும் சுருக்கங்களுக்குத் தனி ஃபைல். லிப்ரெ ஆபீஸில் எல்லாம் பயனர் ஃபோல்டர் ஒன்றுக்குள் சேர்ந்திருக்கும். பழைய கம்ப்யூட்டரை விற்காமல் இருந்தால் அஞ்சறைப் பெட்டி இன்னும் அங்கேயே இருக்கிறது. புரோகிராமை மூடிவிட்டு நகல் எடுங்கள்.

எனது 1990-களின் ஆய்வேடு டெக் மென்பொருளில் இருக்கிறது. இன்று திறக்குமா?
*— திருநெல்வேலிப் பேராசிரியர்*

திறக்கும் ஐயா, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி! டொனால்ட் குனூத் 1978-இல் வெளியிட்ட மென்பொருள் அது. மூன்றாம் பதிப்புக்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'பை' என்ற கணித எண்ணில் ஓர் இலக்கம் கூட்டுகிறார். இப்போது 3.141592653-இல் நிற்கிறது. தம் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் 'பை' என்றே நின்றுவிட வேண்டும், அதற்கப்புறம் ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். பழைய ஃபைலை மதிப்பது என்றால் இதுதான். ஆனால் கூடச் சேர்த்த துணைப் பொதிகள் மாறியிருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ்ப் பகுதியை யூனிகோடாக்கி, 2004-இல் ஜோனத்தன் கியூ தந்த ஸீடெக்கில் ஓட்டினால் எழுத்து அழகாக வரும்.

மக்ரூன் பிடிக்குமா?
*— தூத்துக்குடி வாசகி*

பிடிக்கும். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

யூனிகோடுக்கு மாற்றியாகிவிட்டது. பழைய ஃபைல்களை அழித்துவிடலாமா? இடத்தை அடைக்கிறது.
*— காயல்பட்டினம் வாசகர்*

கூடாது. கூடவே கூடாது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனார். கோயிலில் இருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் துடித்ததை அவர் எழுத்திலேயே படிக்கலாம்.

அதே மனிதர் எங்கள் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். இங்கே லட்சுமண கவிராயர் வழியாக அவருக்குப் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. 1889-இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. ஓலையில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. 'ர'வும் காலும் ஒன்றே. எது மெய், எது உயிர்மெய் என்று ஒவ்வோர் எழுத்தாக அவர் தீர்மானித்தார். ஒரு பிரதியில் புரியாததை இன்னொரு பிரதியில் தேடினார். மூலம் கையில் இருந்ததால்தான் அப்படித் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது. உங்கள் மாற்றத்தில் ஒரு கெளுத்தி முறிந்தால் எதைப் பார்த்துச் சரி செய்வீர்கள்? இட நெருக்கடி என்கிறீர்கள். முந்நூறு பக்கப் புத்தகம் வெறும் எழுத்தாக இருந்தால், உங்கள் செல்போனில் எடுத்த ஒரு போட்டோவைவிடச் சிறியது.

உங்கள் ஊரில் ஆழ்வாரும் ஆறும்தானே? கம்ப்யூட்டர் பேச்சு எப்படி?
*— மதுரை வாசகர்*

மதுரைக்காரரே, வாருங்கள், எங்கள் உறங்காப்புளி நிழலில் உட்காருங்கள். வைணவ குருபரம்பரை சொல்வதைக் கேளுங்கள். நாதமுனிகள் காதில் பத்துப் பாசுரம் விழுந்தது. ஆயிரத்தில் இது பத்து என்று தெரிந்தது. மற்றதெல்லாம் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. தேடித் தேடித் திருக்குருகூராகிய எங்கள் ஊருக்கு வந்தார். இங்கே மிச்சம் இருந்தது மதுரகவியாழ்வார் பாடிய பதினொரு பாசுரம் மட்டும். அதை இந்த மரத்தடியில் 12,000 முறை ஓதினார். நம்மாழ்வார் காட்சி தந்து நாலாயிரம் பாசுரங்களையும் அருளினார். தொலைந்ததை மீட்க எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும்: கையில் மிஞ்சிய பதினொன்றிலிருந்து.

ஆற்றைச் சொன்னீர்களே, அந்தத் தாமிரபரணி கடலில் சேரும் இடம் புன்னைக்காயல். முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே அங்கே இருந்து தமிழ் கற்ற அன்றீக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறத் தொடங்கிய காலம் அது. ஓலையிலிருந்து ஈயத்துக்கு, ஈயத்திலிருந்து திரைக்கு என்று எங்கள் ஆற்றங்கரை மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். அப்பா எங்கள் கோயில் வரலாற்றைப் பதினைந்து வருஷம் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை. அந்தப் பெட்டியைச் சாக்கில் கட்டி மச்சில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.
*— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி*

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. மின்சாரமும் கொடுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே படிந்த சேறு, சுழலும் தட்டைக் கீறிவிடும். யாராவது அரிசிக்குள் வை, வெயிலில் காய வை என்றால் கேட்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றச் சொல்லி, அதைத் திறக்காமல், பெரிய ஊரில் தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுங்கள். தூசியில்லாத அறையில் திறந்து, தட்டைச் சுத்தம் செய்து படித்துப் பார்ப்பார்கள். செலவு அதிகம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. முதலில் சோதித்து விலை சொல்லச் சொல்லுங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

அதற்குள் இன்னொரு வேலை செய்யுங்கள். அப்பா யாருக்காவது படிக்கக் கொடுத்திருப்பார். கோயில் அர்ச்சகர், பள்ளிக்கூட வாத்தியார், வெளியூர் உறவினர், கும்பாபிஷேக மலர் போட்டவர் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். அவருடைய ஈமெயிலில் தேடுங்கள். பழைய பென்டிரைவ்களைப் பாருங்கள். கையெழுத்து நோட்டு பரணில் இருக்கலாம். நாலு அத்தியாயம் கிடைத்தாலும் நல்லது. கிடைப்பதை ஆசிரியர் வழியாக எனக்கு அனுப்புங்கள். எந்த எழுத்துருவில் இருந்தாலும், எழுத்து கலங்கிய தாளாக இருந்தாலும், நான் உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறேன். வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க நீங்கள் ஒருநாள் வர வேண்டும். உங்கள் அப்பாவின் நடை உங்களுக்குத்தான் தெரியும்.