மல்லாந்து படுத்த மாவீரர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சண்டைக்கலைக்குப் பஞ்சமில்லை. கராத்தே, சிலம்பம், கிக் பாக்ஸிங், எம்.எம்.ஏ. எல்லாவற்றையும் ஒரே ஃபிளெக்ஸில் அடக்கி, இடம் மிச்சமிருந்தால் ‘பரதநாட்டியமும் கற்றுத்தரப்படும்’ என்று கீழே சேர்த்துவிடுவார்கள். இந்த வகுப்புகளை முடித்து டீக்கடைக்கு வரும் இளைஞர்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1993-ல் ஆரம்பித்த அந்தப் பழைய யு.எஃப்.சி. கூண்டுச் சண்டைதான் நிஜச் சண்டையாம். ரவுண்டு கிடையாது, எடைப் பிரிவு கிடையாது, மார்க் போட ஆள் கிடையாது. அப்புறம் விதி மேல் விதியாகப் போட்டு அந்த வீரத்தையே கெடுத்துவிட்டார்களாம். நான் நேர்மாறாகச் சொல்வேன். விதியில்லாத சண்டையைப் போலக் கொட்டாவி வரவழைக்கும் காட்சி உலகத்தில் குறைவு.

பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். 1993 நவம்பர் 12, அமெரிக்காவின் டென்வர் நகரம். எட்டுப் பேர், ஒரு கூண்டு, பரிசு 50,000 டாலர். ‘விதிகளே இல்லை’ என்று விளம்பரம் செய்தார்கள். கடிப்பதற்கும் கண்ணைத் தோண்டுவதற்கும் மட்டும் தடை. முதல் மோதலில் ஹவாய்க்கார சுமோ வீரர் டெய்லா டூலியின் பல் பறந்தது, 26 விநாடியில் கதை முடிந்தது. சீட்டில் சரியாக உட்காருவதற்குள் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரே ஒரு கையில் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்தார். தரைப் பிடிக் கலையான ஜியு ஜிட்சு தெரிந்த ஹாய்ஸ் கிரேஸி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்ததுமே, தோற்றேன் என்று தட்டிவிட்டார். 1994 செப்டம்பரில் நடந்த மூன்றாவது போட்டி இன்னும் விசேஷம். கிரேஸி களைத்துப் போய் விலக, இன்னொரு போட்டியாளர் கென் ஷாம்ராக்கும் விலக, மாற்று ஆளாக வைத்திருந்த ஸ்டீவ் ஜென்னம் என்ற போலீஸ்காரர் நேராக இறுதிச் சண்டைக்கு வந்து, அந்த ஒன்றை மட்டும் ஜெயித்து, சாம்பியன் பட்டத்தோடு வீட்டுக்குப் போனார். நான்காவது போட்டியில் டான் செவர்ன் கிரேஸியின் மேல் கால் மணி நேரம் படுத்திருந்தார். அவரைக் கிரேஸி கீழே கிடந்தபடியே காலால் கழுத்தை நெரித்து வென்றபோது, காசு கட்டிப் பார்த்த பல வீடுகளில் ஒளிபரப்பு நேரம் முடிந்து டி.வி. அணைந்திருந்தது. அதற்காகவே ஐந்தாவதில் நேர வரம்பு வைத்தார்கள். கிரேஸியும் ஷாம்ராக்கும் 36 நிமிடம் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். முடிவு, சமன்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சண்டைக்காரனின் முதல் கவலை தோற்காமல் இருப்பது. நம்மைக் குஷிப்படுத்துவது அவன் பட்டியலிலேயே இல்லை. எழுந்து நின்றால் அடி விழும், படுத்தால் விழாது என்று தெரிந்தவன் படுத்துத்தான் கிடப்பான். 1910-ல் லண்டனில் நம் காமா பயில்வானை எதிர்த்த போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவுக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையோடு ஒட்டிக் கிடந்தார், காமாவால் புரட்ட முடியவில்லை. மறுபடி மோத நாள் குறித்தபோது ஆளே வரவில்லை. 1928-ல் பாட்டியாலாவில் ஒருவழியாக எதிரே நின்றார். ஒரு நிமிடத்துக்குள் காமா சாய்த்துவிட்டார். படுத்த சண்டை இரண்டரை மணி, நின்ற சண்டை ஒரு நிமிடம். டிக்கெட் வாங்கியவனுக்கு இரண்டுமே நஷ்டம்தான்.

தரையில் நடக்கும் பிடியின் நுணுக்கம் உனக்குப் புரியாது, அதனால் அலுக்கிறது என்பார்கள் ஜியு ஜிட்சு தெரிந்தவர்கள். ஒப்புக்கொள்கிறேன். ராகம் தெரிந்தவருக்கு ஒரு மணி நேர ஆலாபனை சுகம், மற்றவர்களுக்கு கேன்டீன் சுகம். ஆனால் கேன்டீன் கூட்டமும் சேர்ந்து காசு கொடுத்தால்தான் சபா நடக்கும். இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. 1976-ல் டோக்கியோவில் முகமது அலியும் மல்யுத்த வீரர் இனோக்கியும் மோதியபோது விதிகள் ஏராளம். அப்படியும் இனோக்கி 15 ரவுண்டும் பெரும்பாலும் மல்லாந்து கிடந்து அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார், அலி விட்ட குத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதுவும் சமன், கூட்டம் குப்பையை எறிந்தது. உண்மைதான். அங்கே விதி போட்டது ஒருவர்மேல் ஒருவர் கை வைக்காமல் தடுப்பதற்கு. கபடியைப் பாருங்கள். ரெய்டு 30 விநாடிதான். இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட். இது மோத வைக்கிற விதி. யு.எஃப்.சி.யும் மெல்ல மெல்லத்தான் இதைக் கற்றது. எடைப் பிரிவும் கிளவுஸ் கட்டாயமும் 1997-ல் வந்தன, ஐந்து நிமிட ரவுண்டு 1999-ல்.

விதி மட்டும் போதுமா என்றால் போதாது. 2012 மார்ச்சில் நடிகர் சஞ்சய் தத்தும் தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் மும்பையில் தொடங்கிய சூப்பர் ஃபைட் லீகில் ரவுண்டு, நடுவர், நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தன. முக்கியச் சண்டைக்கு அமெரிக்க மலை மனிதர் பாப் சாப் வந்தார், இரண்டு நிமிடத்துக்குள் காலில் அடிபட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். குறை எதில் என்று அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே இரண்டு ஷேர் ஆட்டோக்காரர்களுக்குள் சவாரித் தகராறு வந்தால் கூட்டம் கூடுவது பேச்சுக்காக. ‘நான் யாருன்னு தெரியுமா’ என்று ஆரம்பித்து, இருவர் பரம்பரையும் அலசப்பட்டு, ‘தொடுடா பாக்கலாம்’ பத்துத் தடவை வரும். தொடமாட்டார்கள். தப்பித் தவறி ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்துவிட்டால் நாலு பேர் விலக்கிவிடுவார்கள், கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடும். அலி இதை அறிந்தவர், இனோக்கியின் தாடையைப் பார்த்து ‘பெலிக்கன்’ என்று பெயர் வைத்தே பாதி டிக்கெட்டை விற்றிருப்பார். ஆரம்ப கால யு.எஃப்.சி.யில் பெரும்பாலோர் ஊமைகளாக வந்து ஊமைகளாகப் போனார்கள்.

நஷ்டத்தில் தள்ளாடிய அந்தக் கம்பெனி பிழைத்ததும் வாயால்தான். 2005-ல் சண்டைக்காரர்களை ஒரே வீட்டில் அடைத்து, கேமரா வைத்து, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் சண்டை போட விட்டு ஒரு டி.வி. தொடர் எடுத்தார்கள். பூந்தமல்லியைத் தாண்டி ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் பிக் பாஸ் வீடு போட்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2001-ல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யு.எஃப்.சி., 2016-ல் சுமார் 400 கோடி டாலருக்கு விலைபோனது. ஆகவே, நாளைக்கு ஆவடியில் யாராவது ‘விதிகளே இல்லாத மாபெரும் மோதல்’ என்று போஸ்டர் ஒட்டினால் டிக்கெட் வாங்காதீர்கள். முதல் நாள் பத்திரிகையாளர் சந்திப்புக்கு டிக்கெட் போட்டால் வாங்குங்கள்.