சந்தா கேட்காத பெட்டி

கேள்வி: இரவு ஷிப்டுக்குச் செல்லும் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி, மாதச் சந்தா கட்டாமல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்ள இயலுமா?

பதில்: இயலும். பிரசார் பாரதி 2004 டிசம்பரில் தொடங்கிய, மாதக் கட்டணமற்ற செயற்கைக்கோள் ஒளிபரப்பான டிடி ஃப்ரீ டிஷ்ஷைப் பெற்றுத் தரும் செட்டாப் பாக்ஸ்களில், பதிவு வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கி, பென் டிரைவைச் செருகி நேரத்தைக் குறித்துவிட்டால், அவர் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி தன் வேலையை முடித்துவிடும். ஓவர்டைம் கேட்காத திருப்பூர்த் தொழிலாளி அது ஒன்றே. சொந்தப் பயன்பாட்டுக்கான இத்தகைய பதிவை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆயினும் கட்டணச் சேனல் தொடர்களின் மாமியார்கள் இந்த டிஷ் குடையில் அகப்படமாட்டார்கள். கிடைப்பவை, 2024 ஜனவரி வரை பொதிகை எனப்பட்ட டிடி தமிழ் போன்ற இலவச அலைவரிசைகளே. இடையில் மின்சாரம் போனால் பதிவும் நின்றுவிடும். அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் உதவாது.