பெரம்பலூரில் ஒரு பெராம்புலேட்டர்

வாப்பா வா. அந்த வண்டியை அப்படியே வேப்பமரத்தடியில நிறுத்திட்டு வந்து திண்ணையில உக்காரு. விலையை மட்டும் சத்தமாச் சொல்லிடாத. உங்க அப்பாயி காதுல விழுந்தா, அந்தக் காசுக்கு எத்தனை சினையாடு வாங்கியிருக்கலாம்னு விடிய விடியக் கணக்குப் போடுவா, எனக்கும் சேத்துத் தூக்கம் போவும். காருக்குள்ள பாதி இடத்தை இதுதானே புடிச்சிருக்கு. திருமாந்துறை டோல்கேட்டுல ஒரு வண்டிக்குத்தான் காசு வாங்குனானா? நல்லவன்தான்.

சரி, சங்கதிக்கு வா. பாப்பாவோட இலங்கைக்குக் கப்பல்ல போறோம் தாத்தா, இந்த ஸ்ட்ரோலரைக் கொண்டு போவட்டுமா வேணாமான்னு போன்லயே கேட்ட. உன் படிப்புக்கு இதைக் கேக்க நான்தானா கெடச்சேன்? பெரம்பலூர்ல ரயில் நிலையமே கிடையாது. ரயிலப் பாக்கணும்னாலே அரியலூருக்கு பஸ் ஏறுற ஆளு நானு. எங்கிட்ட வந்து கப்பலுக்கு யோசனை கேக்குற பாரு, அங்கதான் நீ என் பேரன்னு சந்தேகமில்லாமத் தெரியுது.

வண்டி பேரு ஸ்ட்ரோலரா? எங்க காலத்துல பிராம்னு சொல்லுவாங்க. அது சுருக்கம். முழுப்பேரு பெராம்புலேட்டர். அரியலூர்ல சிமெண்டு லாரியில கிளீனரா இருந்தப்ப ஒரு எஞ்சினியர் வூட்டு வாசல்ல முதமுதல்ல அதைப் பாத்தேன். பேரைக் கேட்டுட்டு, அட, நம்ம பெரம்பலூர்ல செஞ்ச வண்டி போலருக்குன்னு நெனச்சு ரெண்டு வருசம் பெருமையாச் சுத்துனேன்டா. கடைவீதியில பெரம்பலூரானை எவனாவது எளப்பமாப் பேசுனா, வெள்ளைக்காரன் புள்ளையே எங்க ஊரு வண்டியிலதான் போவுதுன்னு சொல்லி வாயை அடைச்சிருக்கேன். அப்புறம் ஒரு வாத்தியார் வந்து கெடுத்தாரு. லத்தீன்ல சுத்தி நடக்குறதுன்னு அர்த்தமாம். நடக்குறதுன்னு பேரை வெச்சுட்டு, நடக்காமப் போறதுக்கு வண்டி! இந்தப் புத்தி நமக்கு வராது.

நேத்து உன் வூட்டுக்காரி போனைப் பாத்து இன்னொண்ணு சொல்லுச்சு. 1733ல இங்கிலாந்துல வில்லியம் கென்ட்டுன்னு ஒருத்தரு டெவன்ஷயர் பிரபு வூட்டுப் புள்ளைங்களுக்கு முதமுதல்ல இப்படி ஒரு வண்டி செஞ்சாராம். அதை ஆளு தள்ளலையாம், ஆடோ மட்டக்குதிரையோ இழுத்துச்சாம். இதை ஞாபகம் வெச்சுக்க, பின்னாடி வேலை இருக்கு.

கடலைப் பாக்கவா மெட்ராஸ் போற? கடலே நம்ம ஊருக்கு வந்து குடியிருந்துட்டுப் போயிருக்கு தெரியுமா? பத்துக் கோடி வருசத்துக்கு முன்னாடி இந்தக் காரை, சாத்தனூரு, கல்லங்குறிச்சி எல்லாம் உப்புத்தண்ணியில கெடந்த பூமி. காரை ஓடையில செம்மண்ணைக் கிளறுனா நத்தையாட்டம் சுருண்ட கல்லு கெடைக்கும். அதெல்லாம் அப்ப நீந்துன சீவன். சாத்தனூர்ல 18 மீட்டருக்கு மரம் ஒண்ணு கல்லாப் படுத்துக் கெடக்கே, 1940ல கிருஷ்ணன்னு புவியியல் துறைக்காரர் ஒருத்தரு கண்டு சொன்னாரு. 12 கோடி வருசத்து மரமாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லுல சிப்பி சிப்பியா ஒட்டிக் கெடக்கும். அதைத்தான் சுட்டு அரைச்சு மூட்டை கட்டி நீங்க மெட்ராஸ்ல அடுக்குமாடி கட்டிக்கிறீங்க. உன் பிளாட்டுச் சுவத்துலயும் நம்ம ஊர்க் கடல் கொஞ்சம் இருக்கும்டா. நாம ஒழுங்கா வெச்சுக்கலைன்னு கடல் கோவிச்சுக்கிட்டுக் கிழக்க போயிடுச்சு. நீ டிக்கெட்டு எடுத்துத் தேடிப் போற.

போ, வேணாங்கல. கப்பல் நமக்குப் புதுசில்ல. கங்கைகொண்ட சோழபுரத்துல உக்காந்துக்கிட்டு ராசேந்திர சோழன் 1025ல கடாரத்துக்குப் படையையே கப்பல்ல அனுப்புனவன். எத்தனை ஊரைப் புடிச்சான்னு தஞ்சாவூர்க் கல்வெட்டுல வரிசையா வெட்டி வெச்சிருக்கான். தள்ளுவண்டி கொண்டு போனதா ஒரு வரி இல்ல. ஆனா ஒண்ணு, அவன் ஒண்ணரை வயசுப் புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போவல. போயிருந்தா முதத் துறைமுகத்துலயே திரும்பியிருப்பான்.

இப்ப நீ போற மாதிரிக் கப்பலை எடுத்துக்க. 2022 ஜூன்ல முதலமைச்சர் மெட்ராஸ் துறைமுகத்துல கொடியசைச்சு அனுப்புனாரே எம்பிரஸ்னு, அதே கப்பல் மறுவருசம் ஜூன்ல இலங்கைக்கும் கெளம்புச்சு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு சுத்து. அது 1990ல பிரான்சுல கட்டுனது, உனக்கு அண்ணன் முறை. நீளம் 211 மீட்டராம். சோழபுரத்துக் கோபுரத்தைப் படுக்க வெச்சா ஏறக்குறைய நாலு கோபுரம். அவ்வளவு பெருசு, இந்த வண்டிக்கா இடமில்லைங்கற. கப்பல் பெருசுதான்டா. நீ படுக்குற அறை பெருசா? நம்ம வூட்டு வெங்காயப் பட்டறை அதைவிடக் கொஞ்சம் தாராளமா இருக்கும். சாதாரண அறைக்கு வாசலே சில கப்பல்ல ரெண்டடிகூட வராது. உன் வண்டி அகலம் எவ்வளவு? அளந்தியா? அளக்கல. அதுல தண்ணி பாட்டில் வைக்கக் குழி இருக்கா, போன் வைக்க மாட்டி இருக்கான்னு மட்டும் பாத்து வாங்குன. வாசல்ல நொழையாத தேரைச் செஞ்சவன் கதை உன்கதை.

வெளிய நடையில நிறுத்திக்கிறேன்னு சொல்லாத, விட மாட்டான். தீ கீ புடிச்சா சனம் ஓடுற வழி அது. அடைச்சு வெச்சா எடுக்கச் சொல்லிட்டுத்தான் மறுவேலை. அப்ப அறைக்குள்ள. வண்டி உள்ள வந்தா நீ வெளிய. பாப்பாவும் அவ ஆத்தாவும் கட்டில்ல, வண்டி நடுவுல, நீ குளிக்கிற அறையில. அந்தக் குளிக்கிற அறைக்கு உசரமா ஒரு வாசப்படி வேற இருக்கும், தண்ணி வெளிய வராம. ராத்திரி எழுந்தா கால் பெருவிரல் அதுக்குக் காணிக்கை.

அப்ப தூளி கட்டிக்கலாமான்னு உங்க அப்பாயி கேட்டா பாரு, அது கேள்வி. உங்கப்பனை அரியலூர்லேருந்து மெட்ராசுக்கு ரயில்ல தூக்கிக்கிட்டுப் போனப்ப மேல் பலகைக்கும் அந்தப் பக்கத்துப் பலகைக்கும் சேலையை இழுத்துக் கட்டி, அவன் எழும்பூர் வரைக்கும் ஆடிக்கிட்டே தூங்குனான். டிடிஆரே ஒருதரம் ஆட்டிவிட்டுட்டுப் போனாரு. கப்பல்ல விட்டம் கெடையாது. கூரையில மூக்கு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், அது தீப்புடிச்சாத் தண்ணி பீச்சுற குழாய். அதுல முடிச்சுப் போட்டு, அது ஒடிஞ்சுதுன்னு வையி, அறைக்குள்ள அடமழை. மூட்டையைக்கூட மாட்டாத. தொட்டில் வேணும்னு டிக்கெட்டு எடுக்குறப்பவே கப்பல்காரன்கிட்டச் சொல்லி வெச்சுடு. கடைசியில கேட்டா வேற எவனாவது கொண்டு போயிருப்பான்.

இன்னொண்ணு. கப்பல்ல ஏறுனதும் ஊதல் ஊதி எல்லாரையும் ஒரு எடத்துல கூட்டுவான், ஆபத்துன்னா எங்க வந்து நிக்கணும்னு காட்டுறதுக்கு. 2012ல இத்தாலிக்காரன் கப்பல் கோஸ்டா கான்கார்டியா பாறையில ஏறிக் கவுந்துச்சே, அப்ப கடைசியா ஏறுன நூத்துக்கணக்கான பேருக்கு அந்தப் பயிற்சியே நடக்கல. அதுக்கப்புறம் 2015லேருந்து, கெளம்புறதுக்கு முன்னாடியோ கெளம்புன கையோடயோ நடத்தியாவணும்னு உலகத்துக்கே சட்டம். அந்தப் பயிற்சியில மட்டும் வெளையாட்டு வேணாம். பாப்பா அளவுக்குச் சின்ன மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுப் பாத்துக்க. நெசமாவே மணி அடிச்சா லிப்ட் ஓடாது, படியிலதான் போவணும். வண்டியை விட்டுட்டுப் புள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு ஏறு. விலைச்சீட்டை நெனச்சு வண்டியையும் இழுத்துக்கிட்டு நிக்காத. உன்னை எனக்குத் தெரியும், செருப்பு அறுந்துபோனாக் கையில எடுத்துக்கிட்டு வர்ற பய.

அப்ப வேணாங்கறியா தாத்தான்னு மூஞ்சியைத் தூக்காத. முழுசாக் கேளு.

பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு. அது உக்காருமாங்கற? இங்க வந்து அரை மணி நேரம் ஆச்சு, ஒருதரம் அந்த வண்டியில உக்காந்துச்சா? கோழியைத் தொரத்துது. ஆனா இப்ப அதுவே வண்டியைத் தள்ளிக்கிட்டு வருது பாரு. நம்ம தச்சன் செஞ்ச நடைவண்டி மூணு சக்கரத்தோட இருக்குமே, அது புள்ளை தள்ளுற வண்டி. புள்ளைத்தமிழ் பாடுற புலவனுங்க சிறுதேருன்னு ஒரு பருவமே வெச்சிருக்காங்க. அதுலயும் புள்ளைதான் தேரை உருட்டும். ஏறி உக்காந்துக்கிட்டு, அப்பன் வேர்த்து விறுவிறுக்கத் தள்ளுறதா எவனும் பாடல. வெள்ளைக்காரன் வண்டியில புள்ளை எறங்கிடும், பை ஏறிக்கும். நீ தண்ணி பாட்டிலையும் துவைக்காத சட்டையையும் உக்கார வெச்சுத் தாலாட்டிக்கிட்டே போவ.

ஆனா ராத்திரி ஒம்போது மணிக்கு அந்த வண்டிக்கு ஒரு மரியாதை வரும். நீங்க ரெண்டு பேரும் சாப்பிட உக்காருவீங்க, அங்க பாட்டு கூத்துன்னு நடக்கும், பாப்பா மடியில சொக்கும். அப்ப சாச்சுப் படுக்க வைக்க ஒரு எடம் இருந்தா உனக்குச் சுடுசோறு. இல்லைன்னா ஒருத்தர் தின்ன மத்தவர் அறைக்குள்ள இருட்டுல உக்காந்திருக்கணும், பணம் கட்டிச் செறை போன மாதிரி. துறைமுகத்துல பெட்டி சோதனை, பாஸ்போர்ட்டுன்னு வரிசை நீளும்போதும் ஆவும். அதனால வண்டி வேணும். இந்த வண்டி வேணாம்.

ஓவன் மெக்லாரன்னு ஒரு கெழவரு இருந்தாரு. சண்டை விமானம் ஸ்பிட்ஃபயருக்குச் சக்கரம் மடங்குற காலை வடிவமைச்ச ஆளு. மவ ஊர் ஊராப் பெரிய வண்டியைத் தூக்கிக்கிட்டு அலையறதைப் பாத்துட்டு, விமானச் சக்கரமே மடங்குறப்ப இது மடங்காதான்னு 1965ல அலுமினியக் குழாயில குடை மாதிரி மடங்குற வண்டியைச் செஞ்சாரு. மூணு கிலோகூட இல்லையாம். பாத்துக்க, பேத்தி விசயத்துல தாத்தன் மூளைதான் வேலை செய்யும். அந்த மாதிரி ஒண்ணு வாங்கு. மடக்குனாக் கட்டிலுக்கடியில போவணும், ஒத்தைக் கையில தூக்க முடியணும், மறு கையில பாப்பா. கடையிலயே ஒத்தைக் கையால மடக்கிப் பாரு. கடைக்காரன் மடக்கிக் காட்டுனா நம்பாத, அவன் நாளைக்கு நூறு தரம் மடக்குறவன்.

எடுத்துக்கிட்டுப் போனா, நிறுத்துற எடமெல்லாம் சக்கரத்தைப் பூட்டு. கல்லங்குறிச்சித் தேரோட்டத்துல முட்டுக்கட்டை போடுறவன் எங்க நிப்பான்? சக்கரத்தடியில. அவன் கண்ணு சாமி மேல இருக்காது, சக்கரத்து மேலதான். நீயும் அப்படி நில்லு. கப்பல் ஆடும், வண்டி கேக்காமப் போவும்.

எறங்குற எடத்துல வண்டி எங்க ஓடும்னு பாத்துக்க. கப்பலுக்கும் கரைக்கும் போட்ட பலகை தண்ணி ஏறி எறங்குறதுக்குத் தக்கன செங்குத்தா நிக்கும். அங்க மடக்கிட்டுப் புள்ளையைத் தூக்கு. திருகோணமலையில கோணேசுவரம் பாறை மேல ஏறிப் போவணும். ரோட்டு வரைக்கும் சக்கரம், அப்புறம் இடுப்பு. யாழ்ப்பாணம் போனா நல்லூர்க் கோயில் வெளிவீதி வெள்ளை மணலு. இந்தச் சக்கரம் அதுல எறங்குனா நம்ம கரிசக்காட்டுல மழைக்கப்புறம் டிராக்டர் எறங்குன கதைதான். அங்க ஆம்பளைங்க சட்டையைக் கழட்டணும்டா. அந்தத் தொப்பையை எப்பிடிக் காட்டுறதுன்னு யோசி, வண்டியை நான் பாத்துக்கறேன். கீரிமலைக் கேணிக்குப் படி எறங்கணும். அப்பாயியோட பழைய நூல் சேலை ஒண்ணு தர்றேன், பாப்பாவை மாரோட சேத்துக் கட்டிக்க. எடை கெடையாது, பூட்டு வேணாம், வெயிலுக்கு முந்தானை. சொன்னா உன் வூட்டுக்காரி கடையில விக்கிற பட்டை வெச்ச தொட்டில்பையைக் காட்டுது. அதுவும் ஆவும். நம்ம சேலையைத் தைச்சு வித்தவன் பொழைச்சுக்கிட்டான்.

குளத்துல குளிக்க வைக்கலாம்னு ஆசை வேணாம். டயப்பர் கட்டுன புள்ளையைப் பெரும்பாலான கப்பல்ல நீச்சல் குளத்துக்குள்ள விட மாட்டான். அதுல அவன் சொல்றது நியாயம்.

எல்லாம் சொல்லிட்டேன். அப்ப இந்தப் பெரிய வண்டியை என்னா செய்யறது? மறுபடி காருல ஏத்தி மெட்ராசுக்கா? பாவம், டோல்கேட்டுக்காரன் ரெண்டாந்தரமும் நல்லவனா இருப்பான்னு என்ன நிச்சயம்? நீ கப்பல்ல போயிட்டு வர்ற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். சும்மா கெடந்தாச் சக்கரம் துரு ஏறிடும். பட்டறையிலேருந்து சின்ன வெங்காயம் ரெண்டு கூடை வாசலுக்கு வரணும்னா என் முதுகு கேக்க மாட்டேங்குது. இதுல தாராளமா ரெண்டு கூடை நிக்கும், நீ மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போனப்ப வெச்சே பாத்துட்டேன். அந்தக் கென்ட்டு ஆட்டைக் கட்டி ஓட்டுனாருன்னு சொன்னேனே, நம்ம கெடாயும் சும்மாதான் நிக்குது, நுகத்தடிதான் அடிக்கணும்.

ஐயோ, திரும்பாத. ஒண்ணுமில்ல, நம்ம ஆடு கருப்பி போட்ட குட்டி வண்டியில ஏறிப் படுத்துக்கிச்சு. குடையை யாரு விரிச்சுவிட்டாங்கறியா? பாப்பாதான். விடு, தூங்குறதை எழுப்பாத.